ஓட்டை டியூட்டில் நான் சித்தியடைந்த கதை

1

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து இதை வாசிக்கிற ஆக்களுக்கு முதலில் ஒரு வேண்டுகோள். காலி வீதியிலோ, கடற்கரைப் பக்கம் இறங்குகிற லேன்களிலோ, ஒரு டியூஷன் போஸ்டரில் ஐம்பது வயதுப் பொம்பிளை ஒருத்தி வாயை அரைவாசி திறந்தபடி நிற்கக் கண்டால், அது நான்தான். என் பெறாமகனின், அதுதான் அக்கா மகனின், கல்யாண வீட்டில் வடை கடிக்கும்போது எடுத்த படத்தை வெட்டி அதில் போட்டிருக்கிறார்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், கண்ட இடத்தில் கிழித்துவிடுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். எது என்று கடைசியில் சொல்கிறேன். இப்பவே சொன்னால் மிச்சத்தை நீங்கள் வாசிக்கவா போகிறீர்கள்?

போஸ்டரில் கொட்டை எழுத்தில் இருப்பது இது: "நோர்வே நாட்டிலும் எமது மாணவி சித்தி!" சித்தி என்றால் பாஸ். அது சரி, மாணவியாம்! என்னுடைய மகள் மாயாவுக்கே பதினெட்டு வயது.

நான் கொழும்பிலேயே கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். நோர்வேக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல். பேர்கன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. இங்கே மழை பெய்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள், வெயில் எறித்தால்தான் ஆளுக்கு ஆள் பார்த்து என்ன நடந்தது என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருக்கிற நான் வெள்ளவத்தைச் சுவரில் எப்படிப் போய் ஏறினேன் என்பதுதான் கதை.

2

போன வருஷம் எங்கள் இல்லத்தில் ஒரு புது விதி வந்தது. நிரந்தர வேலையில் இருக்க வேண்டுமென்றால் மருந்து கொடுக்கிற பரீட்சையில் சித்தியடைய வேண்டும். மூன்று தரம் எடுக்கலாம். மூன்றாம் தரமும் விட்டால் 'கூப்பிட்டால் வா' வேலைதான். கூப்பிட்டால் வருகிற சம்பளத்தில் வீட்டு வாடகையும் கட்டி மாயாவையும் படிப்பிக்க ஏலாது. அவளுடைய அப்பா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் உழைக்கிறது நான் ஒருத்திதான்.

ஆனால் நான் துளியும் பயப்படவில்லை. ஏன் தெரியுமோ? எனக்கு டைப்பிங் தெரியும்.

கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை எழுதி முடித்த பெட்டையளை எல்லாம் டைப்பிங் வகுப்புக்கு அனுப்புவது அந்தக் காலத்து வழக்கம். பாஸோ ஃபெயிலோ பிறகு பார்க்கலாம், முதலில் டைப்பிங். கீழே சைக்கிள் கடை, மேலே வரிசையாக மெஷின்கள், துறைமுகத்தில் கப்பல் ஊதினாலும் காதில் விழாத சத்தம். எழுத்துகளைப் பார்த்து அடிக்கக் கூடாது என்று எங்கள் கைகளுக்கு மேல் மட்டைப் பெட்டியைக் கவிழ்த்துவிடுவார் டைப்பிங் மிஸ். அது போகட்டும். இன்னொரு கட்டளையும் வைத்திருந்தார். "அடிக்கிறதை வாசிக்காதேங்கோ பிள்ளையள். வாசிச்சா ஸ்பீட் குறையும்."

நான் அந்த மிஸ்ஸுக்கு வாய்த்த உத்தமமான மாணவி. காதால் போவது விரலால் வந்துவிடும், நடுவில் மூளைக்கு ஒரு சொல்லுச் சொல்லியனுப்ப மாட்டேன்.

மருந்து வகுப்பில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு விரிவுரையாளர் சொன்னது எல்லாவற்றையும் அடித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். எங்கள் பொறுப்பாளர் ஹில்டே என்னுடைய குறிப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஞானா, அவர் இருமினதையும் எழுதியிருக்கிறாயே" என்றாள். பெருமையாக இருந்தது. பரீட்சைக்குப் போனால் தலைக்குள் ஒரு சொல் இல்லை. எல்லாம் ஃபைலில் பத்திரமாக இருந்தது. ஃபைலுக்குப் பரீட்சை வைத்திருந்தால் அது அதிவிசேட சித்தி. நான் ஃபெயில்.

மாயா சும்மா இருப்பாளா? "அம்மா, நீங்க படிக்கிற முறையே பிழை" என்று ஃபோனில் ஒரு ஆப் போட்டுத் தந்தாள். ஒரு கேள்வி வரும், நான்கு விடை வரும், சரியானதைத் தொட்டால் நட்சத்திரம் கொட்டும். பஸ்ஸில் தொட்டேன், குசினியில் தொட்டேன். ஒரு மாதத்தில் ஃபோன் எனக்குக் கிரீடமே சூட்டியது. பரீட்சையிலோ நான்கு விடை இல்லை, வெறும் பெட்டிதான் இருக்கிறது. பதிலை நாங்களே எழுத வேண்டும். கிரீடத்தோடு திரும்பவும் ஃபெயில்.

முடிவு கணினிக் கடிதமாக வந்தது. மிக அன்பான கடிதம். என் முயற்சியைப் பாராட்டி, என் மனநலத்தை விசாரித்து, கதைக்க வேண்டுமென்றால் ஆள் இருக்கிறது என்று நம்பரும் போட்டிருந்தார்கள். இந்த நாட்டில் கெட்ட செய்தி எவ்வளவு பெரிதோ, கடிதம் அவ்வளவு அன்பாக இருக்கும். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

நோர்வேஜிய மொழி எனக்கு முதலில் இருந்தே சதி செய்கிற மொழி. வந்த புதிதில் ஒரு பெரியவர் "ஸ்விம்மல், ஸ்விம்மல்" என்றார். தலை சுற்றுகிறதாம். மனுசன் நீந்தப் போகிறாராக்கும் என்று நான் துவாயும் கையுமாகப் போய் நின்றேன். அப்படிப்பட்டவளுக்கு இப்போது ஒரே ஒரு தரம்தான் மிச்சம்.

3

கோடை விடுமுறைக்கு மாயாவும் நானும் வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக்குப் போனோம். நான்காம் மாடி ஃபிளாட். அத்தான், அக்காவின் புருஷன், பல்கலைக்கழகம் போக எழுதுகிற ஏ.எல். பரீட்சைக்கு உயிரியல் படிப்பிக்கிற டியூஷன் மாஸ்டர்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். டியூட் என்றால் டியூஷன் வகுப்பில் கொடுக்கிற அச்சடித்த குறிப்பு. மற்ற மாஸ்டர்மாரின் டியூட் முழுசாக இருக்கும். அத்தானின் டியூட்டில் வரிக்கு வரி இடைவெளி. 'மனித இதயம் ______ அறைகளைக் கொண்டது' என்ற மாதிரி. வகுப்பில் வந்து இருந்து, அவர் சொல்லச் சொல்லக் கையால் நிரப்ப வேண்டும். பெடியள் அதற்கு வைத்த பெயர் ஓட்டை டியூட்.

முதல்நாள் இரவு புட்டுக் கோப்பைக்கு முன்னால் என் கதையைச் சொன்னேன். அத்தான் கை கழுவாமலே நிமிர்ந்தார்.

"புத்தகம் கொண்டந்தனீரோ?"

"ஓம் அத்தான். ஆனா அது நோர்வேஜியன்."

"உடம்பு எங்கயும் ஒண்டுதான். தாரும் இங்க."

மாயாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பெரியப்பா, இதெல்லாம் பழங்காலம். ஃபோன்ல டைப் பண்ணினா எல்லாம் சேவ் ஆகிடும்."

"ஃபோன்ல அடிச்சா ஃபோனுக்கு ஞாபகம் இருக்கும் பிள்ளை. அம்மாக்கு? கையால எழுதினாத்தான் மூளையில பதியும். விஞ்ஞானம் சொல்லுது."

"எந்த விஞ்ஞானம் பெரியப்பா?"

அத்தானுக்கு அந்த நேரம் பார்த்துப் புரையேறியது. அக்கா தண்ணீரை நீட்டியபடி என்னிடம் சொன்னாள்: "இந்த மனுசன் கலியாணத்துக்கு முந்தி எனக்கு எழுதின கடிதத்திலயே இடைவெளி விட்டவரடி. 'நான் உம்மை' எண்டு எழுதி, கோடு போட்டு, அங்கால முற்றுப்புள்ளி."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"நிரப்பித் திருப்பி அனுப்பினனான்."

"என்னெண்டு நிரப்பினனீங்கள்?"

"அது உனக்குத் தேவையில்லாத கதை" என்று அக்கா புட்டுக் குழலோடு குசினிக்குள் போய்விட்டாள். அத்தான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த நாள் காலை அத்தான் புத்தகத்தின் போட்டோ கொப்பியை விரித்து, பிழை அழிக்கிற வெள்ளை மைப் போத்தலைத் திறந்தார். ஒரு சொல் தெரியாத பாஷையில் எதை மறைப்பது? அவருக்கு அதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. "நீளமான சொல்லு முக்கியமான சொல்லு" என்று பூசினார். நோர்வேஜியனில் ரயில் பெட்டி மாதிரி கொழுவிக்கொண்டு போகிற சொற்கள் இருக்கின்றன. அவர் முதலில் மறைத்தது 'பொருளடக்கம்' என்ற சொல்லை. இரண்டாவது, புத்தகத்தை அச்சடித்த கம்பனியின் பெயர்.

சும்மா சொல்லக்கூடாது, ஒரு இடத்தில் மனுசன் கெட்டிக்காரன்தான். ஒரு பக்கத்தில் ஐந்து வரி ஒன்றன் கீழ் ஒன்றாக, எல்லாம் ஒரே சொல்லில் தொடங்கியிருந்தது. "வரிசையா இருந்தா கட்டாயம் கேள்வி வரும்" என்று ஐந்து வரியிலும் கடைசிச் சொல்லை மறைத்தார். மருந்து கொடுக்க முதல் சரிபார்க்க வேண்டிய ஐந்து விஷயம் அது. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி. இரண்டு தரமும் நான் கவிழ்ந்தது அங்கேதான்.

4

வெள்ளை பூசின பக்கங்களைத் திரும்பவும் கொப்பி எடுக்க, லேன் மூலையில் இருக்கிற போட்டோ கொப்பிக் கடைக்குப் போனேன். கடைக்கார முஸ்லிம் அண்ணர், எங்களுக்கு நானா, ஒரு பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது எந்த ஊரு பாசை தங்கச்சி?"

"நோர்வே."

"பாசை வெளங்கல்ல. ஆனா ஓட்டை நம்மட மாஸ்டர்ட ஓட்டைதான்."

நான் சிரிக்க, அவர் மெஷினை ஓடவிட்டுவிட்டு மேசையில் சாய்ந்தார். "அந்த ஓட்டை எப்பிடி வந்த எண்டு தெரியுமா? மொதல்ல மாஸ்டர்ட டியூட் முழுசாத்தான் இருந்த. ஒரு புள்ள மட்டும் கிளாசுக்குப் போவும், டியூட்ட வாங்கிட்டு நேரா இங்க வரும். நான் கட்டுக் கட்டா கொப்பி அடிப்பன். மத்தப் புள்ளைகள் அத வாங்கிட்டு பீச்சுக்குப் போவும். கிளாஸ்ல மாஸ்டரும் ஃபேனும் மட்டும்தான். பொறகுதான் மனுசன் ஓட்டை போட்ட. இப்ப கொப்பி அடிச்சும் பிரயோசனமில்ல, கிளாசுக்குப் போகாட்டி ஓட்டைய நெரப்பேலா." நெஞ்சில் கை வைத்தார். "அந்த ஓட்டைக்கு வாப்பா நான்தான்."

எனக்கு வயிறு நொந்தது சிரித்து. விஞ்ஞானமாம் விஞ்ஞானம்! நான்கு மாடியும் ஏறிப் போய், மூச்சு வாங்க வாங்க, மாயாவுக்கு முன்னாலேயே போட்டு உடைத்தேன்.

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். "ஓம். கள்ளக் கொப்பிக்குப் பயந்துதான் போட்டனான்" என்றார். "ஆனா போட்ட பிறகு பிள்ளையள் நல்லாச் செய்யத் தொடங்கினதும் உண்மை. ஏன் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. நீர் நிரப்பிப் பாரும்."

விஞ்ஞானம் பேசினபோது வராத நம்பிக்கை, தெரியாது என்று அவர் சொன்னபோது எனக்கு வந்தது. பேனையைத் தேடினேன்.

5

முதல் இரண்டு நாளும் விரல் வீங்கினதுதான் மிச்சம். கையெழுத்து வைக்கிறதைத் தவிர வேறு ஒன்றுக்கும் நான் பேனை பிடித்து எத்தனையோ வருஷம். ஒரு ஓட்டைக்கு முன்னால் வந்து நிற்பேன். சொல் தெரியும் போல இருக்கும், வராது. புத்தகத்தைத் திறந்து பார்த்து, மூடி, எழுதுவதற்குள் பாதி மறந்துவிடும். திரும்பவும் திறப்பேன். டைப்பிங் மிஸ் கண்டால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பார், அவ்வளவு ஸ்பீட்.

ஒரு காலை, அந்த ஐந்து வரிப் பக்கம். ஆள், மருந்து, அளவு, நேரம் என்று நிரப்பிக்கொண்டு வருகிறேன். கீழே லேனில் "மாலு! மாலு!" என்று பேலியகொடைச் சந்தையில் இருந்து மீன் கொண்டுவருகிற ஆளின் சத்தம். அக்கா பல்கனியில் நின்று "கீயத மல்லி?" என்று நாலு வீட்டுக்குக் கேட்கச் சிங்களத்தில் விலை கேட்டுக் கத்தினாள். அவன் ஏதோ விலை சொன்னான். "அப்போ!" என்று மலைத்துப்போனாள் அக்கா. நான் ஐந்தாவது ஓட்டையில் 'சரியான விலை' என்று எழுதிவிட்டேன்.

மருந்து கொடுக்க முதல் சரியான விலையா என்று பார்ப்பதாம்! புத்தகத்தைத் திறந்து பார்த்தபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அந்தச் சொல்லைப் பேனையால் பேப்பர் கிழியக் கிழிய வெட்டினேன்.

மாயா சோஃபாவில் கிடந்தபடி பார்த்தாள். "டிலீட் பண்ணினா ஒரு செக்கண்ட். ஏன் அம்மா இவ்வளவு கோபம்?"

அவள் சொன்னது சரிதான். கணினியில் செய்த பிழை தடயம் இல்லாமல் போய்விடும். பேப்பரில் செய்த பிழை போகாது, அங்கேயே குந்தியிருந்து எங்களை முறைக்கும். அதற்காகக் கையெழுத்துதான் உசத்தி என்று நான் கொடி பிடிக்க வரவில்லை. மாயா பேனையே தொடாமல் எல்லாப் பாடத்திலும் நல்ல புள்ளி எடுக்கிற பிள்ளை. எனக்கு வந்த வியாதி வேகம். ஓட்டை டியூட் காலைப் பிடித்து இழுத்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கு அவள் பக்கத்தில் வந்து இருந்து, "உங்கட பேரைத் தமிழில எழுதுங்கோ பாப்பம்" என்றாள். எழுதிக் காட்டினேன், ஞானமலர் என்று.

"முதல் எழுத்து என்னது? நூடில்ஸா?"

"அதுதான் ஞ."

"இது எனக்குச் செத்தாலும் வராது" என்று ஃபோனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சின்ன வயதில் அவளைப் பேர்கனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். ஒன்பது வயதில், ஃபோன் எழுதித் தரும்தானே என்று சொல்லிப் பாதியில் நின்றவள். தமிழ் நன்றாகக் கதைப்பாள். எனக்கு அனுப்புகிற செய்தி எல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழ். நான் சண்டை பிடிக்கவில்லை. வேலை, மழை, களைப்பு என்று அந்த விஷயத்தை விட்டுவிட்டேன். உள்ளுக்குள் ஒரு கவலை இருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க மாட்டேன்.

6

மூன்றாம் தரம். பேர்கனில் பரீட்சை மண்டபம் நிறையக் கணினி. 

பாதிக் கேள்வி ஒழுங்காகப் போனது. பிறகு அது வந்தது. மருந்து கொடுக்க முதல் சரிபார்க்க வேண்டிய ஐந்தையும் எழுதுக. அத்தானின் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்! ஆனால் திரையில் வெறும் பெட்டி. விரல்கள் விசைப்பலகையில் ஏறி நின்றன, ஒன்றும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுட்டுவிரலால் மேசையில் கோடு இழுத்தேன். ஒரு வரி, ஒரு ஓட்டை.

மேற்பார்வைக்கு நின்ற நெடிய மனுசன் வந்து என் தலைக்கு மேல் கவிழ்ந்து நின்றார்.

"மேசையில் என்ன எழுதுகிறீர்கள்?"

"ஒன்றுமில்லை."

"எழுதினீர்கள். நான் பார்த்தேன்."

"எழுதினேன். ஆனால் ஒன்றுமில்லை."

மனுசன் குனிந்து மேசையைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பிக் காட்டச் சொன்னார். "எங்கட ஊரில் இப்படித்தான் யோசிப்போம்" என்றேன், வேறென்ன சொல்ல? பேப்பர் தரலாமா என்று கேட்டேன். அப்படிக் கேட்ட ஆளை அவர் அதுவரை காணவில்லை போல. வெளியே போய் யாருக்கோ ஃபோன் எடுத்தார். திரும்பி வந்து ஒரு வெள்ளைத் தாளைத் தந்தார். அதில் நம்பர் போட்டு, அவர் கையெழுத்து வைத்து, நான் கையெழுத்து வைத்து, முடிந்ததும் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் பென்சில் கையில் வந்தது.

ஐந்து கோடு போட்டேன். ஆள். மருந்து. அளவு. நேரம். ஐந்தாவதில் பென்சில் நின்றது. வாடகை, மாயாவின் படிப்பு எல்லாம் அந்த ஒரு கோட்டின் மேல் வந்து குந்திவிட்டது. கடவுளே, கடவுளே என்று இருக்கிறேன், எங்கேயோ இருந்து "மாலு! மாலு!" பின்னாலேயே அக்காவின் "கீயத மல்லி?" பேப்பர் கிழிய வெட்டின அந்த வெட்டு கண்ணுக்கு முன்னால் வந்தது. விலை இல்லையடி! வழி! வாயாலா, ஊசியாலா, தோலிலா என்கிற வழி!

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நெடிய மனுசன் திரும்பவும் ஓடி வந்தார்.

முடிவு மூன்று வாரத்தில் வந்தது. கடிதத்தைத் திறந்தேன். இரண்டே வரி. முயற்சியைப் பாராட்டவில்லை, மனநலத்தை விசாரிக்கவில்லை, அன்பு என்று ஒரு துளி கிடையாது. வாசித்து முடிக்க முதலே தெரிந்துவிட்டது, நான் பாஸ். குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நன்றாக அழுதேன்.

7

அத்தானுக்கு ஃபோன் எடுத்தேன். அவர் வாயில் இருந்து வந்த முதல் சொல், "போஸ்டர்!"

"அத்தான், போஸ்டரில என்ட பேர் வந்துதோ, இனி உங்கட வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டன்."

"பேர் போடமாட்டன். சத்தியமா."

சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார். வடைப் படத்தைப் போட்டார், 'எமது மாணவி' என்று போட்டார், அதற்குக் கீழே 'பெயர்' என்று போட்டு நீளமாக ஒரு இடைவெளி விட்டார். வேறு என்ன செய்வார் அவர்!

டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு மாயா தனியாகக் கொழும்புக்குப் போயிருந்தாள். அவள்தான் ஒவ்வொரு போஸ்டராகப் படம் பிடித்து அனுப்பி என் உயிரை எடுத்தாள். வெள்ளவத்தைச் சனம் ஒரு ஓட்டையைக் கண்டால் சும்மா போகுமா? ஒன்றில் ஒரு நடிகையின் பெயர். ஒன்றில் 'மாஸ்டரின் மாமி'. ஒன்றில் 'எனக்கும் தெரியாது' என்று யாரோ நேர்மையாக எழுதியிருந்தான். இன்னொன்றில் 'கொப்பி அடிக்க வேண்டாம்'. அது நானாவின் வேலை என்று அக்கா சத்தியம் பண்ணுகிறாள்.

கடைசியாக ஒரு படம் வந்தது. நீலப் பேனை. இடைவெளியில் முதலில் ஒரு வெட்டு, பக்கத்தில் இன்னொரு வெட்டு, அதற்குப் பிறகு கோணல்மாணலாக, கோட்டுக்கு மேலே ஏறியும் கீழே இறங்கியும்: ஞானமலர். கூடவே ஒரு குரல் செய்தி.

"அம்மா, நான்தான். ஃபோன்ல அடிச்சு, அதைப் பாத்து எழுதினனான். அந்த நூடில்ஸ் எழுத்து ரெண்டு தரம் பிழைச்சுப்போச்சு. டிலீட் பண்ண ஏலாதுதானே, வெட்டினனான். இப்ப பாக்காமலே வருது."

வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டேன்.

லேன் மூலையில், நானா கடைக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது அது. வடை வாயோடுதான் நிற்கிறேன், பரவாயில்லை. அதைக் கிழிக்காதேங்கோ.